புகைப்பதை நிறுத்த எது உதவும்: சைட்டிசினா, நிக்கோடின் கம்மா?

புகைப்பதை நிறுத்த இயற்கை வழி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சைட்டிசின். லேபர்னம் மர விதையில் இருக்கும் இந்தப் பொருள், மூளையில் நிக்கோடின் போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஏக்கம் தணியும்; சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. பல்கேரியாவில் 1964 முதலே மாத்திரையாக விற்கிறார்கள். வழக்கமாக 25 நாள் சாப்பிட்டால் போதும். ஆனால் இயற்கைதானே என்று விதையையே மென்றுவிடாதீர்கள், அது விஷம்.

நிக்கோடின் சூயிங் கம், புகையில்லாமல் நிக்கோடினையே கொடுத்து மெல்லக் குறைக்கும். காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் சிகரெட் தேடுபவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. காரம் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும்.

மருத்துவர் சரி என்றால் சைட்டிசினையே தேர்ந்தெடுப்பேன். அது கிடைக்கவில்லையா, கம்மோடு இன்றே தொடங்குங்கள்.