தனி விசைப்படமா, மொத்த அமைப்பா, போலி விசையா? இயக்க விதிகளில் எந்த வழி எப்போது

இயக்க விதிகளில் கணக்கு போட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ஒரு குழப்பம் வரும். ஒரே கணக்கை ஒரு ஆசிரியர் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக விசைப்படம் (அந்தப் பொருள்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்) வரைந்து போடுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஒரே பொருளாகச் சேர்த்து இரண்டு வரியில் முடிப்பார். மூன்றாமவர் போலி விசையைக் கொண்டுவருவார், அதாவது முடுக்கத்தோடு நகரும் பொருளில் இருந்தபடி பார்ப்பதற்காகக் கணக்கில் சேர்க்கும் ஒரு விசையை. மூவருக்கும் விடை ஒன்றுதான். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர் எதைக் கையில் எடுப்பது?

முதல் சில வாரங்களுக்குத் தனி விசைப்படம் மட்டும் போதும் என்பேன். மற்ற இரண்டும் வேகமானவை, ஆனால் தப்பாகப் போனால் தப்பு என்று காட்டிக்கொடுக்காது. விசைப்படம் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வழவழப்பான மேசைமேல் 2 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு கப்பி வழியாகப் போய், மறுமுனையில் 3 கிலோ தொங்குகிறது. ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². கயிற்றின் இழுவிசை என்ன? "தொங்குவது 3 கிலோ, அதனால் 30 நியூட்டன்" என்று எழுதுபவர்கள் ஏராளம். இப்போது அந்த 3 கிலோவை மட்டும் தனியாக வரையுங்கள். கீழே 30, மேலே 30 என்றால் அது முடுக்கமே இல்லாமல் அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் விட்டவுடன் கீழே போகிறது. இழுவிசை 30-ஐ விடக் குறைவு என்று படமே சொல்லிவிட்டது. போட்டுப் பார்த்தால் முடுக்கம் 6 மீ/வி², இழுவிசை 12 நியூட்டன். 3 கிலோவை எடுத்துவிட்டு அதே கயிற்றைக் கையால் 30 நியூட்டன் விசையில் இழுத்தால் மட்டும்தான் இழுவிசை 30. அப்போது கட்டையின் முடுக்கம் 15. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதே கணக்கில் முடுக்கத்தை மட்டும் கேட்டால் மொத்த அமைப்பாக எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இழுப்பது 30 நியூட்டன், நகர்வது 5 கிலோ, விடை 6. ஒரே வரி. கப்பியின் இரு பக்கமும் 3 கிலோ, 2 கிலோ தொங்கினாலும் அப்படித்தான்: மிஞ்சும் 10 நியூட்டன், மொத்தம் 5 கிலோ, முடுக்கம் 2. (1784-இல் ஜார்ஜ் ஆட்வுட் இந்த ஏற்பாட்டை விவரித்ததன் பயனே இதுதான்: விழும் வேகத்தைக் குறைத்தால் நிதானமாக அளக்கலாம்.)

ஆனால் இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாப் பொருளுக்கும் முடுக்கத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். வழவழப்பான தரையில் 4 கிலோ கட்டை, அதன்மேல் 2 கிலோ கட்டை, இடையில் உராய்வுக் குணகம் 0.3. கீழ்க்கட்டையை 30 நியூட்டனால் இழுக்கிறோம். அவசரத்தில் 30-ஐ 6-ஆல் வகுத்து 5 என்று எழுதிவிடுவோம். மேல்கட்டையை இழுத்துச் செல்ல உராய்வைத் தவிர வேறு ஆளில்லை. உராய்வால் அதிகபட்சம் தர முடிந்தது 0.3 × 20 = 6 நியூட்டன், அதாவது 3 மீ/வி² முடுக்கம்தான். எனவே மேல்கட்டை வழுக்கும். அது 3, கீழ்க்கட்டை 6. இழுக்கும் விசை 18 நியூட்டனைத் தாண்டாதவரைதான் இரண்டும் சேர்ந்து போகும். சேர்த்து எடுக்கும் முன் இந்த எல்லையைப் பார்க்காமல் விட்டு மதிப்பெண்ணை இழப்பது மனசுக்குக் கஷ்டமான விஷயம், ஏனென்றால் பாடம் தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள்.

சரி, போலி விசை. சாய்தளமே நகர்கிற கணக்குகளில் இதற்கு இணை கிடையாது. 4 கிலோ சாய்தளம், 45 பாகை, அதன்மேல் 2 கிலோ கட்டை, எங்கும் உராய்வு இல்லை. தரையிலிருந்து பார்த்தால் கட்டையின் முடுக்கம் எந்தத் திசையில் என்பதே தெளிவாக இருக்காது. இரண்டு முடுக்கங்களையும் இணைக்க இன்னொரு சமன்பாடு தேவைப்படும். சாய்தளத்தின்மேல் உட்கார்ந்து பாருங்கள்: கட்டை சரிவில் மட்டும் நகர்கிறது. கட்டையின் நிறையைச் சாய்தளத்தின் முடுக்கத்தால் பெருக்கி, எதிர்த்திசையில் ஒரு விசையாகப் போட்டால் போதும். சரிவுக்குச் செங்குத்தாக ஒரு சமன்பாடு, சாய்தளத்துக்குத் தரையிலிருந்து ஒன்று. சாய்தளத்தின் முடுக்கம் 2 மீ/வி² என்று வந்துவிடும்.

கவனிக்க வேண்டியது, போலி விசையை யாரும் செலுத்துவதில்லை. அதனால் மூன்றாம் விதிப்படி அதற்கு எதிர்விசை தேடக் கூடாது. மைய விலக்கு விசையும் ஒரு போலி விசைதான்; சுழலும் பொருளோடு சேர்ந்து சுழன்றபடி பார்த்தால் மட்டுமே அது வரும். தரையில் நின்று கணக்கு போட்டுக்கொண்டே அதையும் சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். எந்தக் குறிப்பாயத்தில், அதாவது தரையிலா நகரும் பொருளிலா, நிற்கிறோம் என்று படத்தின் ஓரத்தில் ஒரு சொல் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

பழகிய பிறகு, ஏற்கெனவே போட்ட பத்துக் கணக்குகளை எடுத்து வேறு வழியில் திரும்பப் போட்டுப் பாருங்கள். புதிதாக ஐம்பது போடுவதைவிட இதில் தெளிவு அதிகம் கிடைக்கும். விடை மாறினால் முதலில் செங்குத்து விசையைத்தான், அதாவது தொடும் பரப்பு பொருளைத் தள்ளும் விசையைத்தான், சந்தேகப்பட வேண்டும். அந்தப் பெயரே சிலரை ஏமாற்றுகிறது. அது தரைக்குச் செங்குத்து அல்ல, தொடும் பரப்புக்குச் செங்குத்து. 60 பாகைச் சரிவில் உராய்வு இல்லாமலே கட்டை வழுக்காமல் இருக்கும்படி சாய்தளத்தைக் கிடைமட்டமாக முடுக்கினால் செங்குத்து விசை எடையைப் போல இரு மடங்கு. எடை × cos 60° என்ற மனப்பாடச் சூத்திரத்தை அப்படியே போட்டவருக்கு எடையில் பாதி என்று வரும்.