முழங்கால் தேய்மானத்துக்கு மஞ்சள் கேப்சூல்: சில வருட அனுபவம்

அறுபதைத் தாண்டியதும் எனக்கு மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இரண்டாம் கட்டத் தேய்மானம் என்றார். முதலில் வைட்டமின் ஈ, அப்புறம் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளின் கேப்சூல் என்று, செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் எனப்படும் ஆன்டிஆக்ஸிடன்ட்களைச் சில வருடங்களாகப் பார்த்துவிட்டேன். மூட்டு வலியோடு மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வைட்டமின் ஈயால் எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடம் தினமும் 500 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் குருத்தெலும்பு தேய்வது குறையவில்லை. தினமும் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. மூட்டுக்காக யாரும் அதை வாங்க வேண்டாம் என்பேன்.

குர்குமின் விஷயம் வேறு. சமையல் மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு கிராம் குர்குமினுக்கு முப்பது கிராமுக்கு மேல் மஞ்சள் வேண்டும். ரசத்திலும் பாலிலும் போடுகிற மஞ்சள் அதற்குக் காணாது. உடம்பில் சேர்வதும் மிகக் குறைவு. மிளகில் உள்ள பைப்பரினோடு கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடுவதை பெங்களூரில் 1998இல் கண்டார்கள். நான் எடுப்பதும் பைப்பரின் சேர்ந்த கேப்சூல்தான், சாப்பாட்டுக்குப் பிறகு.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு சீக்கிரம் விட்டது. வலி மாத்திரை எப்போதாவது என்று குறைந்தது. என் வயிற்றுக்கு அதுவே பெரிய நிம்மதி. தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்த ஆய்விலும் மஞ்சள் சாறு இபுப்ரோஃபெனுக்குச் சளைக்கவில்லை, வயிற்றுத் தொந்தரவும் குறைவு. ஆனால் அது நான்கு வாரம் மட்டுமே நடந்த ஆய்வு.

சரி, மூட்டு பழையபடி ஆனதா? இல்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார இன்றும் முடியாது. பிறகு எடுத்த எக்ஸ்ரேயிலும் எலும்புகளுக்கு நடுவே குறைந்துபோன இடைவெளி திரும்பக் கூடவில்லை. கேப்சூல் வலியைத் தணிக்கிறது, தேய்ந்ததைத் திருப்பித் தருவதில்லை.

நடமாட்டம் திரும்பியது தொடைப் பயிற்சியால். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மாலையில் நடை. இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு ஆபரேஷனுக்கு முன் ரத்தக்கசிவு பயத்தில் டாக்டர் கேப்சூலை நிறுத்தச் சொன்னார். வலி கொஞ்சம் கூடியது, ஆனால் படி ஏற முடிந்தது. இன்னொரு சமயம் காய்ச்சலில் படுத்துப் பயிற்சி விட்டுப்போனபோது, கேப்சூல் ஒழுங்காக எடுத்தும் முழங்கால் மடங்கிப்போனது. 70 முதல் 89 வயதுள்ள 1,635 அமெரிக்கர்களிடம் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வும், நடையும் தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு 400 மீட்டர் நடக்க முடியாத நிலை வருவது 18 சதவீதம் குறைந்தது என்கிறது. எந்த மாத்திரை டப்பாவிலும் இதைப் போட மாட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

என் கணவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதால் டாக்டர் அவருக்குக் குர்குமின் வேண்டாம் என்றுவிட்டார். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. வலிப்பு மருந்து ஃபெனிடாயின் போன்றவற்றின் அளவைப் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். அரிதாக ஈரல் பாதிப்பும் வந்திருக்கிறது: சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்தி ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

வலி அதிகமாக இருந்து பயிற்சியே செய்ய முடியாதவர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் எடுத்துப் பார்க்கலாம். அதற்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தப் பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள்.