ஏர் பிஸ்டலுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி: நாள்பட்ட உபயோகத்தில் தெரிந்தவை

கிட்டப்பார்வை உள்ளவர்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வந்ததும், தினமும் போடும் கண்ணாடியோடே சுட ஆரம்பிக்கிறார்கள். டார்கெட் பளிச்சென்று தெரியும். தொந்தரவே அதுதான். கூர்மையாகத் தெரிய வேண்டியது கைநீளத்தில், பிஸ்டல் குழல் நுனியில் இருக்கும் ஃப்ரண்ட் சைட் (குறிபார்க்கும் முனை). டார்கெட்டின் 59.5 மி.மீ. கறுப்பு வட்டம் ஓரம் கலங்கித் தெரிந்தால் போதும். தூரப் பவரோடு சைட்டைப் பார்க்க, கண் ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளே இறுக வேண்டியிருக்கிறது. போட்டியில் 75 நிமிடத்துக்கு 60 ஷாட். பின்பாதியில் சைட்டின் விளிம்பு மங்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே தூரப் பவரோடு +0.50 சேர்த்து லென்ஸ் போடுவதுதான் சரி. −2.50 உள்ளவருக்கு −2.00. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் +0.75 பொருந்தும். +1.00 வரை போனால் சைட் அருமையாக இருக்கும், ஆனால் கறுப்பு வட்டம் கரைந்துவிடும். சிலிண்டர் பவரை (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்வது) எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரெசிவ் லென்ஸ் வேண்டவே வேண்டாம். தலை லேசாகச் சாய்ந்தாலே பவர் மாறும்.

கடையில் "ஷூட்டிங்குக்கு" என்று மட்டும் சொன்னால் ரீடிங் கிளாஸ் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கை நீட்டி நின்று, கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை டேப்பால் அளந்து அந்தத் தூரத்தைச் சொல்லுங்கள். முதலில் தூரப் பவரைச் சரியாக எடுக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மைனஸ் 0.25 கூடுதலாக இருந்தால், சேர்க்கும் பிளஸ்ஸில் பாதி அங்கேயே போய்விடும்.

ஃபிரேம் விஷயத்தில்தான் பணம் கரைகிறது. 37 மி.மீ. வட்ட லென்ஸ் மாட்டும் ஷூட்டிங் ஃபிரேமின் உண்மையான பலன், லென்ஸை நகர்த்தியும் திருப்பியும் பார்வைக்கோட்டுக்கு நேராக நிறுத்தலாம் என்பதே. சாதாரணக் கண்ணாடியில், பக்கவாட்டில் திரும்பி நிற்பவர் மூக்கோரமாகச் சாய்வாகப் பார்க்கிறார்; சாய்ந்த லென்ஸ் தானாகவே கொஞ்சம் சிலிண்டர் பிழையைக் கொண்டுவரும். பவர் கூடக்கூட இது உறைக்கும். −1.00, −1.50 அளவில் அவசரமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடுதான் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார் (அவருடைய அனுபவம் வேறு, அதையும் சொல்ல வேண்டும்).

பொருத்தும்போது பிஸ்டல் இல்லாமல் வெறும் கையை நீட்டி நின்று, டார்கெட் பக்கமிருந்து ஒருவரைப் படமெடுக்கச் சொல்லுங்கள். லென்ஸ் வட்டமாகத் தெரிந்தால் நேராக இருக்கிறது. முட்டை வடிவமாகத் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. −5.00க்கு மேல் உள்ளவர்கள் லென்ஸைக் கண்ணிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது, 8 மி.மீ. தள்ளினால் −6.00 லென்ஸ் ஏறக்குறைய −5.75 போலத்தான் வேலை செய்யும்.

மற்றக் கண்ணை மூடாதீர்கள், முகத்தசை இழுக்கும். அந்தக் கண்ணுக்கு முன்னால் மறைப்பாக ஒரு பால்நிற பிளைண்டர் போதும். கறுப்பு போட்டால் அந்தக் கண் இருட்டாகி, சுடும் கண்ணின் பாப்பாவும் விரியும். போட்டி விதிப்படி பிளைண்டரின் அகலம் 30 மி.மீ. தாண்டக் கூடாது. லென்ஸ் முன்னால் ஐரிஸ் (நடுத்துளையைச் சுருக்கக்கூடிய வட்டு) மாட்டினால் சைட், டார்கெட் இரண்டும் தெளியும். வெளிச்சம் குறைந்த ரேஞ்சில் அதுவே எதிரி.

நாள்பட நாள்பட ஹோல்டர் திருகு தளர்ந்து லென்ஸ் தானே சுழலும். சிலிண்டர் உள்ளவர்களுக்கு ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்கும் கோணம்) பத்து டிகிரி திரும்பினாலே சைட் கலங்கும். பலர் பவர் ஏறிவிட்டதென்று கண் டாக்டரிடம் ஓடுகிறார்கள். லென்ஸ் ஓரத்திலும் ஹோல்டரிலும் நேருக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பயிற்சிக்கு முன் ஒரு பார்வை பாருங்கள். பெல்லட் தொட்ட விரலால் லென்ஸைத் துடைக்காதீர்கள். ஈயக் கறை கோட்டிங்கில் இழுபட்டு நிற்கும்.