பகடையா, பாயின்ட் பையா: நீண்ட ஆட்டத்துக்கு எது ஏற்றது?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ஒரு கதாபாத்திரத்தின் வலிமை, சுறுசுறுப்பு போன்ற ஆறு திறன்களுக்கான மதிப்புகளை அமைக்க மூன்று வழிகள் உண்டு. பாளையங்கோட்டையில் கூடும் எங்கள் குழு அண்மையில் ஒரு நீண்ட கதையைத் தொடங்கியபோது பாயின்ட் பை முறையைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவுக்காக முதலில் வாதாடியவன் நான் என்பதால், இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகடை முறையில் நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை நீக்கிவிட்டு மற்ற மூன்றைக் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. ஸ்டாண்டர்ட் அரேயில் 15, 14, 13, 12, 10, 8 என்னும் எண்கள் எல்லோருக்கும் பொது. எதை எங்கே வைப்பது என்பது மட்டுமே நம் கையில். பாயின்ட் பையில் 27 புள்ளிகளைக் கொண்டு 8 முதல் 15 வரையுள்ள மதிப்புகளை விலைக்கு வாங்குகிறோம்.

பகடையில் கூடுதல் லாபம் உண்டு என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. கணக்கு அதற்குப் பெரிதாக இடம் தரவில்லை. அந்த முறையில் ஒரு மதிப்பின் சராசரி 12.24, ஆறும் சேர்ந்தால் ஏறக்குறைய 73.5. ஸ்டாண்டர்ட் அரேயின் கூட்டுத்தொகை 72. ஆக, சராசரி வீரர் பெறும் ஆதாயம் ஒன்றரை எண் மட்டுமே. ஆறில் ஒன்றாவது 18 ஆக விழும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு. அந்த 9 விழுக்காட்டை எண்ணித்தான் மேசையில் இருக்கும் அத்தனை பேரும் பகடையைக் கையில் எடுக்கிறார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தச் சராசரி அன்று. ஒரே மேசையில் இருக்கும் இருவருக்கிடையே விழும் இடைவெளியும், அது எத்தனை காலம் நீடிக்கும் என்பதுமே. ரேஞ்சர் என்னும் காட்டு வேட்டைக்கார வகுப்பைச் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பகடையில் 18 விழுந்து, கதாபாத்திரத்தின் இனமோ பின்புலமோ கூடுதலாகத் தரும் 2 சேர்ந்து டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 20 ஆகிறது; மாடிஃபையர், அதாவது அந்த மதிப்புக்காகப் பகடையோடு கூட்டிக்கொள்ளும் எண், +5. மற்றவருக்கு மிக உயர்ந்த எண் 15 என்பதால் அது 17 ஆகிறது, மாடிஃபையர் +3. ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாக்குபவர் இருபது முகப் பகடையிலும் கூட்டல்களிலுமாக எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரியை நோக்கி, இருவருக்கும் பொதுவான தேர்ச்சிக் கூட்டல் +2உடன் நீள்வில்லை எய்தால் முதலாமவருக்கு அம்பு தைக்கும் வாய்ப்பு 65 விழுக்காடு, இரண்டாமவருக்கு 55. பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் தைத்த அம்பின் சேதமும் 7.5க்குப் பதில் 9.5 ஆக இருப்பதால், இரண்டையும் பெருக்கிப் பார்க்கும்போது முதலாமவர் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சேதம் விளைவிக்கிறார்.

லெவல் ஏறினால் இது சரியாகிவிடும் என்பார்கள், முழுவதும் சரியாவதில்லை. நான்காம் லெவலிலும் எட்டாம் லெவலிலும் கிடைக்கும் திறன் மதிப்பு உயர்வுகளைச் செலவிட்டே இரண்டாமவர் 20ஐத் தொடுகிறார். ஃபீட்டுகள் எனப்படும் தனிச்சிறப்புத் திறமைகள் அனுமதிக்கப்பட்ட மேசையில், முதலாமவர் அதற்குள் அதே இரண்டு வாய்ப்புகளையும் இரண்டு ஃபீட்டுகளாக மாற்றிக்கொண்டிருப்பார். டெக்ஸ்டெரிட்டி சமமாகிவிடும், இடைவெளி மட்டும் வேறு கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாயம் விழாமல் காயை உள்ளே இறக்க முடியாதவர் அந்தப் பிற்பகலோடு தம் துரதிர்ஷ்டத்தை மறந்துவிடலாம். இங்கே முதல் நாள் விழுந்த எண்ணைக் கதை முடியும் வரை சுமக்க வேண்டும். கங்கைகொண்டானில் ஷிப்ட் முடித்து வருபவரும் தென்காசியிலிருந்து பேருந்து ஏறி வருபவரும் சேர்ந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு அமைவதே அரிதாக இருக்கும் குழுவில், எட்டாம் லெவல் என்பது ஓராண்டுக்கு மேற்பட்ட தொலைவு. "எனக்கு மட்டும் ஏம்ல இப்படி விழுது?" என்ற கேள்விக்கு அத்தனை காலம் பதில் சொல்ல யாராலும் ஆகாது.

பாயின்ட் பையின் சிறப்பு சமத்துவம் மட்டுமன்று. அதன் விலைப்பட்டியலே யோசிக்க வைக்கிறது. 8லிருந்து 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதன்பின் 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. மாடிஃபையர் இரட்டைப்படை எண்களில்தான் உயர்கிறது என்பதால், மேலும் 1 சேர வழியில்லாத இடத்தில் 15 வாங்குவது வீண்; 14க்கும் அதே +2தான். ஸ்டாண்டர்ட் அரேயும் சரியாக 27 புள்ளி மதிப்புடையதே, ஆனால் அதன் வடிவம் இறுகியது. டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் (விவேகம்), கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) மூன்றையும் வேண்டும் மங்க் என்னும் துறவி வகுப்பினர் பாயின்ட் பையில் 15, 15, 15, 8, 8, 8 என்று வாங்கலாம். ஐந்தாம் பதிப்பைத் திருத்தி வந்த 2024 விதிகளில் பின்புலம் தரும் உயர்வை மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்தால் மூன்றும் 16 ஆகிவிடும். மந்திரவாதியான விஸார்டுக்கு 15, 14, 14, 10, 10, 8 பொருந்தும். ஸ்ட்ரெங்த் (வலிமை) 8 ஆக இருப்பதற்கு அவர் வருந்தப் போவதில்லை.

எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் மேசையில் மூத்தவரான அக்கா, "உருட்டாம எண்ணை எடுத்து வைக்கதுக்குப் பேரு ஆட்டமா?" என்று இன்றும் கேட்கிறார். எல்லா விஸார்டுகளின் தாளும் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடும் என்பதும் உண்மையே. 1974இல் வந்த முதல் விதிகளில் மூன்று பகடைகளை உருட்டியே மதிப்புகளைப் பெற்றார்கள். ஆனால் அங்கே ஸ்ட்ரெங்த் வாள்வீச்சின் குறியையோ சேதத்தையோ கூட்டவில்லை, எனவே தாழ்ந்த எண்ணோடும் காலம் தள்ள முடிந்தது. ஒரே நாளில் முடியும் ஆட்டத்துக்கு நானும் பகடையையே சொல்வேன். பத்தாம் லெவலுக்கு மேல் நான் ஆடியதில்லை. அங்கே மந்திரப் பொருள்கள் இந்த இடைவெளியை எவ்வளவு கரைக்கும் என்று என் அனுபவத்திலிருந்து உறுதி கூற இயலாது.

பகடையை விட மனமில்லாத குழுவுக்கு ஒரு நடுவழி உண்டு: ஆளுக்கொரு முறையாக உருட்டி ஆறு எண்களைச் சேர்த்து, அந்த ஒரே தொகுதியை அனைவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்த கதைக்கு அக்கா இதைத்தான் கேட்டிருக்கிறார்; ஆட்டத்தை நடத்தும் டி.எம். சம்மதித்துவிட்டார், நானும் மறுக்கவில்லை.