“மூலிகைக் குடல் சுத்தம்” பவுடர்: தோட்டத்து ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள்

18,500 ரூபா. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு. பேஸ்புக்கில் மூலிகைப் பவுடர் விற்கும் ஒரு பக்கத்துக்காரர்கள் அதைச் சுருட்டிவிட்டார்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பலருக்கும் இந்த விளம்பரம் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். மலச்சிக்கலுக்கு என்ன செய்வதென்றும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மலைக்கு ஏறினால் இறங்கும்வரை டொய்லட் கிடையாது. அதற்குப் பயந்தே அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார், வந்தாலும் அடக்கிக்கொள்வார். சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி. மலம் கல்லாக இறுகி, முக்கி முக்கி அழுதாலும் டாக்டரிடம் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

போனில் பேசிய பெண் அவ்வளவு அன்பாகப் பேசினாள். “வெட்கப்படாதீங்கம்மா, என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நானும் உங்க மகள் மாதிரி” என்றாள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று நிதானமாக விசாரித்தாள். எங்களிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அம்மா அவளிடம் சொன்னார். என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. முழுக் கோர்ஸ் 18,500, பேங்கில் போட்டால்தான் அனுப்புவோம் என்றாள்.

வந்த பாக்கெட்டில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. குடித்ததும் வயிற்றைப் பிசைந்து பேதி, அப்புறம் தலைச்சுற்று. கோல் எடுத்தால், “கழிவு வெளியேறுது, நல்லதுதான், தொடர்ந்து குடிங்க” என்கிறாள்! பணத்தைக் கேட்டதும் பாக்கெட் உடைத்தால் திருப்ப மாட்டோமாம். மேனேஜர் பேசுவார் என்றார்கள், எவரும் பேசவில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ப்ளொக் செய்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பவுடரைப் பார்த்து நிலாவரை என்ற பேதி மூலிகையாக இருக்கலாம் என்றார். அது குடலைச் சுருக்கித் தள்ளும். அளவு மீறினால் பேதியில் நீரும் பொட்டாசியமும் இறங்கிவிடும். அவர் முதலில் கேட்டதே என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்றுதான். இரத்தசோகைக்கு அம்மா குடிக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தை இறுக்குமாம். அதை மாற்றிக் கொடுத்து, மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணியும் தந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் செலவில்லை. அங்கே 18,500!

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். வந்தால் அடக்காதீர்கள். தண்ணீர், கீரை, பருப்பு, பப்பாசி. இரும்புக் குளிசையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள். மலத்தில் இரத்தம் போனால், காரணமின்றி மெலிந்தால், வயிறு வீங்கி வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏமாந்தவர்கள் வங்கி ரசீதை எறியாமல் 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையில் முறையிடுங்கள். நானும் முறையிடப்போகிறேன், 18,500ஐ விடமாட்டேன்.