டீசல் வான், தனி ஆள், அடங்காத கதவு

போன மாதம் மனைவியைப் பறிகொடுத்த நண்பன் ஒருவன் கேட்டான்: "நானும் உன்னைப் போல ஒரு வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிடட்டோ மச்சான்?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன்.

என்ஜின், டீசல் செலவு பற்றியெல்லாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ஜப்பான் வான் ஓட்டியவர்களுக்குத் தெரிந்ததுதான். பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகை அடித்துப் பாய் விரித்திருக்கிறேன். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழசுகள் ஏறிய விலையில் வாங்கியது. 2025இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியைப் பார்த்தால் பழசே மேல். அதைப் பேசினால் பிரஷர் ஏறும்.

எனக்குப் பிரச்சினை பக்கக் கதவு. இழுத்து மூடுகிற கதவு, மெதுவாக இழுத்தால் பூட்டாது. ஓங்கி அடிக்க வேண்டும். இரவில் ஒரு குளக்கட்டடியில் வானை விட்டு, ஒன்றுக்குப் போய்வந்து கதவை அடித்தால் ஊர் நாய் முழுக்க எழும்பும். அப்புறம் ரோர்ச்சோடு யாராவது வருவார்கள். "ஆர் அது? எங்கையிருந்து? தனியவோ?" தனிய இருக்கத்தானே ஐயா இதை வாங்கினேன்! ஒருமுறை பொலிஸும் வந்து அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

வவுனியாவில் ஒரு கராஜில் உருளையும் றப்பரும் மாற்றினேன். வாங்கிய காசுக்கு அந்த வேலை முறிகண்டி வரைகூடத் தாங்கவில்லை. கிரவல் புழுதி உள்ளே வருவது கொஞ்சம் குறைந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

சரி, நீ கேட்டது அதை இல்லை. செத்தவீட்டுக் கிரியைகள், அந்தியேட்டி எல்லாம் முடிந்து சனம் கலைந்தபின் எனக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை. ஓடித் திரிந்தால் ஆறும் என்பார்கள். எந்த றோட்டில் ஓடுகிறாய் என்பதில் இருக்கிறது அது. யாழ்ப்பாணம் போகிற ஏ9 காப்பெற் போட்ட நேர் றோட்டு. ஓமந்தை தாண்டினால் கை தன்பாட்டில் ஓட்டும், மனம் ஆஸ்பத்திரி வார்ட்டுக்குப் போய்விடும். மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டானால் முத்தையன்கட்டுப் பக்கம் உள்ளே இறங்கிப் பார். பொழுதுபடும் நேரம் மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும், காட்டோரம் யானை நிற்கலாம். கண்ணை எடுக்க வழியில்லை. அந்த நேரத்துக்கு வேறெதுவும் உள்ளே வராது.

புதுக்குடியிருப்புப் பக்கம், முதல்நாள் இரவுக் கதவுச் சத்தத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போன ஓர் அம்மா காலையில் பிளேன்ரீ கொண்டுவந்தார். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைப் படையிடம் கையளித்தவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, "கடைசி நேரம் பக்கத்தில இருந்தனீங்களோ தம்பி?" என்றார். ஓம் என்றேன். "அது காணும்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. துக்கத்தைத் தராசில் வைக்கிற பேச்சு எனக்கு ஒத்துவராது. ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதலில் ஒரு வரிகூட நினைவில் இல்லை, இது இருக்கிறது.

எடுப்பதென்றே முடிவு செய்தால் சில விஷயம். கார்த்திகை, மார்கழி மழைக்கு வீட்டிலேயே இரு. கூரைத் தகரத்தில் இரவு முழுக்க மழை அடிக்க அதற்குள் தனியாகப் படுத்திருப்பது ஆளைத் தின்றுவிடும். காட்டோரம் அரிசி, வாழைப்பழம், உப்பை வானுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதே, யானை மணம் பிடித்து வரும். புது இடம் சரிவராவிட்டால் முறிகண்டிப் பிள்ளையாரடிக்குப் போ. இரவிலும் வாகனம் நிற்கும், கச்சானாவது கிடைக்கும்.

இந்த வானை வாங்கச் சொல்வேனா? மாட்டேன். விலை அநியாயம், கதவு அதைவிட அநியாயம். ஐந்துக்கு இரண்டு போடலாம். போன கிழமை கிளிநொச்சியில் ஒருவர் நல்ல விலை சொல்லிக் கேட்டார், விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கதவையும் இனிக் கராஜுக்குக் கொண்டுபோகிற யோசனை இல்லை. கூலி கட்டாது.