பழைய 2,200 வாட்டா, புதிய 800 வாட்டா: வேக்குவம் கிளீனர் வாங்கும் முன்

2012-ல் வாங்கிய எங்கள் வேக்குவம் கிளீனர் மூன்று வருடத்துக்கு முன் கருகல் வாசனையோடு நின்றுபோனது. பழகிய சாமான் என்பதால் அதே மாடலை இணையத்தில் தேடினேன். இருந்தது. "பெட்டி பிரிக்காதது, 2,200 வாட், இனி கிடைக்காது" என்ற அடைமொழிகளோடு, அன்று நான் கொடுத்ததைப்போல இரண்டரை மடங்கு விலையில். அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு 800 வாட்டில் புதுசும் இருந்தது. ஒரு வாரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புதுசை வாங்கினேன். அதே சமயம் என் மச்சான் பழையதை வாங்கினார். ஆகவே இங்கே சொல்வதில் பாதி என் வீட்டில் பட்டது, பாதி அவர் வீட்டில் பார்த்தது. நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்கப்போவதில்லை.

இந்த விலையேற்றத்தின் வேர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 666/2013 என்ற விதி. 2014 செப்டம்பர் 1 முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் வேக்குவம் கிளீனர் 1,600 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றார்கள். 2017 செப்டம்பர் 1-ல் அது 900 வாட்டுக்குக் குறைந்தது. சத்தமும் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட சரக்கை விற்றுத் தீர்க்கத் தடையில்லை. அந்த மிச்சச் சரக்குக்குத்தான் இந்த மவுசு. 2014 ஆகஸ்டில் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பு ஒன்றே, சக்தி அதிகமுள்ளது வேண்டுமானால் சீக்கிரம் வாங்கிவிடுங்கள் என்று சொன்னது. வாங்கி அடுக்கியவர்களில் சிலர் இன்று விற்பவர்கள்.

குண்டு பல்புக்கும் இதே கதை நடந்தது. 2009-ல் 100 வாட்டில் தொடங்கி 2012-க்குள் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஜெர்மனியில் ஒருவர் 2010-ல் அதே பல்பை 'ஹீட்பால்' என்று பெயர் மாற்றி, இது விளக்கல்ல, சின்ன ஹீட்டர் என்று விற்றுப் பார்த்தார். கிண்டல்தான் என்றாலும் பொய்யில்லை. குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தானே போகிறது!

இணையத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மட்டும் மலைத்துவிடாதீர்கள். அது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. மற்றவர் விலையைப் பார்த்துத் தானே ஏற்றும் கணினி நிரலை வைத்துக்கொண்டுதான் பல விற்பனையாளர்கள் கடை நடத்துகிறார்கள். 2011-ல் ஈக்களின் மரபியல் பற்றிய ஒரு பாடநூலை இரண்டு விற்பனையாளர்களின் நிரல்கள் ஒன்றையொன்று பார்த்து ஏற்றி ஏற்றி, 2.3 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தின. யாரும் வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி பல தளங்களில் உண்டு. அதைத் தட்டிப் பார்த்தபோது நான் தேடிய மாடல் பாதி விலைக்குத்தான் கைமாறியிருந்தது.

மின்சாரச் செலவைப் பற்றி ஒரு வரி போதும். வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு எழுபது யூனிட் வித்தியாசம். அதற்காக யாரும் ஒரு முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

உறிஞ்சும் சக்தியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மச்சான் பணம் கொடுத்தது இதற்குத்தான். பெட்டியில் போட்டிருக்கும் வாட், மோட்டார் தின்னும் மின்சாரம். தூசியை இழுப்பது வேறு: உள்ளே உண்டாகும் அழுத்தக் குறைவையும் ஓடும் காற்றின் அளவையும் பெருக்கினால் வருவதுதான் காற்று வாட். 2,200 வாட்டில் அதன் பங்கு சிறியது. மிச்சமெல்லாம் சூடும் சத்தமும். மச்சான் வீட்டில் கம்பளத்தின் மேல் வைத்தால் முனை அப்படியே ஒட்டிக்கொள்கிறது, தள்ள முடியாது. கைப்பிடியில் காற்றைத் திறந்துவிட ஒரு சின்ன ஜன்னல் இருக்குமே, அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கூட்டுகிறார். 2,200 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் ஒரு பங்கை ஜன்னல் வழியே வெளியே விடுகிறார்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புது இயந்திரங்களில் ஒட்டிவந்த மின்சிக்கன லேபிளுக்கான சோதனையைக் காலிப் பையோடு நடத்தினார்கள். பை நிறைய நிறையச் சக்தி குறையும் என்பது அதில் தெரியாது. ஒரு தயாரிப்பாளர் வழக்குப் போட, 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. வாட் வரம்பு தனி விதி என்பதால் அது நிலைத்தது. என் 800 வாட் இயந்திரமும் பை முக்கால்வாசி நிறைந்ததும் சோர்ந்துபோகிறது. பழையதற்கு முழுப் பையோடும் இழுக்கிற திராணி உண்டு. நான் பையைக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பைதான் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது. வேக்குவம் கிளீனர் ஒரு தடவை வாங்கும் சாமான் இல்லை. பை, பில்டர், குழாய், முனை, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ் என்று அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாடல் நின்றுபோனால் தீனியும் நிற்கத் தொடங்கும். இயந்திரத்துக்கு விலை ஏற்றியவர்கள் உதிரிப் பாகத்தை விட்டுவைப்பார்களா? மச்சானின் மாடலுக்கான பையின் அட்டை வாய் வேறெந்த மாடலுக்கும் பொருந்தாத அளவு. கம்பெனிப் பை நின்று பல வருடமாகிறது. 'இதற்கும் பொருந்தும்' என்று வரும் பைகள் மெல்லியவை. ஒன்று உள்ளேயே கிழிந்து, மோட்டார் வரை தூசி.

மோட்டாரைக் காக்க உள்ளே ஒரு நுரை பில்டர் உண்டு. பெட்டி பிரிக்காத புதுசுதானே என்று வாங்கிய மச்சான், மூடியைத் திறந்து அதைத் தொட்டதும் ரொட்டித் தூளாக உதிர்ந்தது. நுரைக்குப் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். காற்றின் ஈரமே அதை அரித்துவிடும். ரப்பர் வளையங்களும் இறுகிப்போயிருந்தன. இறுகிய ரப்பர் காற்றைக் கசியவிடும்; கசிந்தால் அந்த 2,200 வாட்டும் வீண். 'பயன்படுத்தாதது' என்ற சொல்லுக்கு இரண்டரை மடங்கு கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அடுத்து குழாய். கைப்பிடி அருகே வளைந்து வளைந்து வெடிப்பது அங்கேதான். புது விதிப்படி குழாய் 40,000 முறை வளைந்தும் உழைக்க வேண்டும், மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும். வாரம் ஒரு மணி என்றால் ஏறக்குறைய பத்து வருடம். பழையது அதைவிட அதிகமாகவே உழைக்கலாம், எங்கள் வீட்டில் உழைத்தது. ஆனால் சட்டப்படி அதற்கு அப்படியொரு கட்டாயம் இருந்ததில்லை. அதோடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கடைக்காரரிடம் புதுசு வாங்கினால் குறைபாட்டுக்கு இரண்டு வருடம் அவரே பொறுப்பு. தன் கிடங்கில் கிடந்ததை விற்கும் தனிநபரிடம் அந்தப் பிடி இல்லை.

ஒரு விஷயத்தில் பழையது ஜெயிக்கிறது. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் நான்கு திருகைக் கழற்றி மாற்றலாம். சரியான அளவு கிடைக்காவிட்டாலும் பெரியதை வாங்கி அரத்தால் ராவிப் போட்டுவிடலாம். என்னுடையதில் மோட்டார் மூடிய டப்பா. போனால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். கையில் திருப்புளியும் பொறுமையும் உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்டவர் பெட்டி பிரிக்காததைத் தேட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பழையதைச் சல்லிசாக வாங்கி, கூடவே கெட்டுப்போன இன்னொன்றை உதிரிக்காக வாங்கிப் போடலாம். நடுவில் இருக்கும் இந்த மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, ஆனால் நான் செய்துபார்க்கவில்லை.

வாட் எண் இல்லாமல் மனசு ஆறாது என்பவருக்கு இன்னொன்று. ஈரம், உலர் இரண்டையும் உறிஞ்சும் பட்டறை வகை இயந்திரங்கள் அந்த விதிக்குள் வரவில்லை, பேட்டரியில் ஓடுபவையும்தான். 1,200, 1,400 வாட்டில் பட்டறை வகை இன்றும் நேர்மையான விலைக்குப் புதிதாகவே கிடைக்கிறது. சத்தமும் உருவமும் வீட்டுக்குள் கொஞ்சம் இடிக்கும்.

எங்கள் வீட்டில் பெரும்பாலும் மரத்தளம், இரண்டே மெல்லிய விரிப்பு. தடித்த கம்பளமும் நாய் முடியும் உள்ள வீட்டில் என் தீர்ப்பு அப்படியே செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே வாட்டைவிட, சுழலும் பிரஷ் உள்ள முனை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்று வருட உழைப்பை வைத்துப் பத்து வருடத்துக்குச் சான்று தரவும் முடியாது.

பழையதுதான் வேண்டும் என்றால், இயந்திரத்தைத் தேடும் முன் அதன் பையையும் குழாயையும் மாடல் எண் போட்டுத் தேடிப் பாருங்கள். மச்சான் இப்போது குழாய் தேடுகிறார். போன வாரம் ஒரு சுட்டி அனுப்பியிருந்தார்: குழாய் மட்டும், என் புது இயந்திரத்தின் விலையில் பாதி. நேற்று மறுபடி பார்த்தேன், இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.